செரண்டாப் பேப்பர்

ஒரு வேலையை விட்டு நின்ற மனிதன் அதே மாதிரி இன்னொரு வேலைக்குப் போகக்கூடாது என்று எழுதி வைத்த பேப்பர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதை லீலாவதி நம்பவில்லை. அவள் பிறந்தது ரப்பர் தோட்டம், வளர்ந்தது தோட்டம், வாக்கப்பட்டதும் தோட்டம். வேலை வாங்கும் மண்டோரோடு மனஸ்தாபம் வந்தால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சட்டிபானையை லோரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். போன இடத்திலும் அதே கித்தா மரம்தான், அதே பால்வெட்டுதான். இங்கே மரம் வெட்டியவன் அங்கே மரம் வெட்டக்கூடாது என்று வெள்ளைக்காரத் துரைகூடச் சொன்னதில்லை. அப்படியிருக்க, செரண்டாவில் கையுறை செய்கிற பேக்டரி ஒன்று தன் புருஷனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறது என்றால், அதைக் கேட்டுத் தலையாட்ட அவளுக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?

சந்தேகம் லீலாவதியோடு கூடப் பிறந்தது. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது மற்றவர்கள் தராசைப் பார்ப்பார்கள், அவள் எடை எழுதும் கிராணியின் கண்ணைப் பார்ப்பாள். கோவிலில் தீர்த்தம் கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் லீலா குடிப்பாள் என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று இருந்துவிடுவாள். ஏமாந்து நின்றவர்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள்.

அவள் இருந்த தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு இந்தப் பக்கம், ஆற்றை ஒட்டியது. அந்த வருஷம் எண்பத்தெட்டு. ஏதோ புது நோய் வந்துவிட்டதாம், கையுறை மாட்டாமல் டாக்டர்கள் யாரையும் தொடுவதில்லையாம், அதனால் உலகமே கையுறை கேட்கிறதாம். நேற்றுவரை லாலான் புல் மண்டிக் கிடந்த இடத்திலெல்லாம் கையுறை பேக்டரி முளைத்தது. அவள் பால் வெட்டும் நிரையின் கடைசி மரத்தடியில் நின்று பார்த்தால், வாய்க்காலுக்கு அப்பால் புதுப் பேக்டரியின் தகரக் கூரை பளபளவென்று தெரியும். லயத்தில் பாதி இளவட்டங்கள் அங்கே சேர்ந்துவிட்டார்கள். ஆனால் கையுறை வேலையின் சூட்சுமம் தெரிந்த ஒரே ஆளான அவள் புருஷன் உமாபதி மட்டும் செரண்டாவிலேயே கிடந்தான்.

கித்தாப் பாலோடு கந்தகமும் இன்னும் என்னென்னவோ மருந்தும் பதம் பார்த்துக் கலக்கும் அறையில் அவனுக்கு வேலை. பதம் தப்பினால் கையுறை பிய்ந்துபோகும். திங்கள்கிழமை விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு. லீலாவதிக்கு இப்போது ஆறாம் மாதம். முதல் பிள்ளை ஒரு புதன்கிழமை காலையில், பால்காட்டிலேயே, கலைந்துபோனது. காளியம்மா அக்காதான் சேலையை அவிழ்த்துச் சுற்றி, பால் லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். உமாபதிக்குச் சேதி போய்ச் சேர்ந்ததே மறுநாள். இந்தப் பிள்ளை பிறக்கும்போதாவது அவன் கூப்பிட்ட குரலுக்கு வருகிற தூரத்தில் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒருநாள் காலை, வெட்டு முடிந்து பசியாற உட்கார்ந்தபோது காளியம்மா ஆரம்பித்தாள். அவளுடைய நிரை லீலாவதியின் நிரைக்கு அடுத்தது, வாய் மட்டும் எல்லா நிரைக்கும் போய்வரும்.

"ஏன்டி லீலா, புதுப் பேக்டரியில பால் கலக்கத் தெரிஞ்ச ஆளு வேணும்னு உன் தம்பி அர்ஜுனன் வந்து சொன்னானாமே. உன் வூட்டுக்காரரு மாட்டேன்னுட்டாராம்?"

"மாட்டேன்னு சொல்லலக்கா. முடியாதாம். என்னமோ பேப்பர்ல சைன் பண்ணிட்டாராம். இத விட்டு நின்னா ரெண்டு வருசத்துக்கு வேற எந்த கிளவ் பேக்டரிக்கும் போவக்கூடாதாம்."

காளியம்மா ரொட்டியைக் கோப்பியில் முக்கியபடியே நிறுத்தினாள். "தாலி கட்டிக்கிட்டவளே ஒத்துவரலன்னா வேற எடம் பாத்துப் போயிடுறா. கூலி குடுக்குறவனுக்கு என்னாடி அம்புட்டு உரிம?"

"அதத்தான் நானும் கேட்டேன்."

"அந்தப் பேப்பர நீ பாத்தியா?"

"இல்ல. அவுருகிட்டயே இல்லியாம். ஆபீசுல வச்சிருக்காங்களாம்."

"ம்."

அந்த ஒரு 'ம்' போதுமானதாக இருந்தது. ஊறிப்போன ரொட்டி கோப்பிக்குள் விழுந்ததைக்கூடக் காளியம்மா கவனிக்கவில்லை.

"செரண்டாவுல எங்க தங்கியிருக்காரு?"

"நவமணின்னு ஒரு அம்மா வீட்டுல ரூம் எடுத்து."

"அம்மாவா, அக்காவா?"

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இருக்கும் பாலெல்லாம் தண்ணீராகிவிடும். இரண்டு பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடும்போதும் அந்த 'ம்' அவள் காதுக்குள்ளேயே ஓடியது.

சனிக்கிழமை உமாபதி வந்தான். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவன் மேல் அமோனியா வாடை போகாது. நெத்திலிச் சம்பாலும், தேங்காய்ப்பாலில் வேகவைத்த மரவள்ளிக் கீரையும் வைத்தாள். அர்ஜுனனும் வந்து சேர்ந்தான். புதுப் பேக்டரியில் லோரி ஓட்டுகிறான், அதனால் பேக்டரியே தன்னுடையது என்பது போலப் பேச்சு.

"மச்சான், மேனேஜர் திரும்பக் கேட்டாரு லா. நாளைக்கே வரச்சொல்லுன்றாரு. இப்ப உள்ளத விட சம்பளமும் கூட. வீட்டுல சாப்புட்டுட்டு நடந்தே போயிடலாம். இதவிட என்னா வேணும்?"

"சொன்னேன்ல அர்ஜுனா. சைன் பண்ணியிருக்கேன்."

"எத்தன பேரு சைன் பண்ணீங்க?"

"பால் கலக்குற ரூம்ல உள்ள எல்லாரும். எங்க ஆபீசு தேவதாஸ் அண்ணன் கூப்புட்டு வச்சு வாங்குனாரு. மருந்து கலக்குற கணக்கு வெளிய போயிடக்கூடாதாம். மீறிப் போனா கோர்ட்டுல நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்களாம்."

"இங்கிலீஷுல இருந்திச்சா?"

"இங்கிலீஷுலதான்."

"நீங்க படிச்சீங்களா?"

"தேவதாஸ் அண்ணன் படிச்சுச் சொன்னாரு."

கீரையைப் போட்டுக்கொண்டிருந்த லீலாவதி கரண்டியை நிறுத்தினாள். "ஏங்க, ஒரு சைக்கிள் வாங்குனாக்கூட ரசீது குடுக்குறான். கையெழுத்த வாங்கிட்டு உங்க கையில ஒண்ணுமே குடுக்கலியா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"யாருமே கேக்கல லீலா. வுடு."

"எனக்கு இந்தப் பேப்பரு கதையே நம்புற மாதிரி இல்ல."

"மச்சான், அவ கேக்குறதுலயும் நாயம் இருக்கு லா" என்றான் அர்ஜுனன்.

உமாபதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை. அவன் கோபக்காரன் அல்ல. கோபக்காரனாக இருந்தாலாவது நாலு வார்த்தை கத்தி, உள்ளே இருப்பதைக் கொட்டியிருப்பான். இவன் மென்று முழுங்குகிறவன். முழுங்குகிறவனிடம் ஏதோ இருக்கிறது என்று லீலாவதிக்குப் பட்டது.

அர்ஜுனன் போன பிறகு, கை கழுவிவிட்டு வந்தவனை அவள் மறித்துக்கொண்டு நின்றாள்.

"செரண்டாவ விட்டு வராததுக்கு இந்தப் பேப்பர் மட்டுந்தான் காரணமா?"

"ஆமா."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"இல்லன்னு சொல்றேன்ல."

"அப்ப என் தலையில கைய வச்சுச் சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே அவன் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலைக்குக் கொண்டுபோனாள். கொதிக்கிற சட்டியில் பட்டதுபோல அவன் கையை உதறி இழுத்துக்கொண்டான். முகம் வெளிறிவிட்டது. வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

பொண்டாட்டி தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ண மாட்டேன் என்கிறவன் மடியில் கனம் இல்லாமலா இருப்பான்? நவமணி. அந்தப் பெயர் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அவனும் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவில்லை.

திங்கள்கிழமை அவன் போனான். மறுநாள், உடம்பு சரியில்லை என்று மண்டோரிடம் சொல்லிவிட்டு, லீலாவதி பஸ் ஏறினாள். பத்தாங்கிலிருந்து ரவாங், ரவாங்கிலிருந்து இன்னொரு பஸ் செரண்டா. வழி நெடுக என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் அமைதியாகப் பேச வேண்டும், பிறகு கொண்டையைப் பிடிக்க வேண்டும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கொண்டையைப் பிடிக்க முடியுமா என்று ஒரு யோசனையும் வந்தது. முடிந்த மட்டும் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ரயில் பாதைக்குப் பின்னால் பலகை வீடு. முற்றத்துக் கொடியில் நாலைந்து ஆம்பளைச் சட்டைகள் காய்ந்தன, அதில் உமாபதியின் கோடு போட்ட சட்டையும் ஒன்று. கதவைத் திறந்த நவமணியைப் பார்த்ததும் லீலாவதியின் ஒத்திகையில் பாதி உதிர்ந்துபோனது. காளியம்மாவை விட மூத்தவள். நரைத்த தலை, வீங்கிய கால். உள்ளே பாயில் அவள் புருஷன் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆனால் நவமணி அவளுக்கு மேல் சந்தேகக்காரியாக இருந்தாள். கதவைப் பாதிக்கு மேல் திறக்கவே இல்லை.

"யாரும்மா நீ? எந்தப் பேக்டரி?"

"பேக்டரி இல்ல. நான் உமாபதி சம்சாரம்."

"அப்புடித்தான் போன மாசமும் ஒருத்தன் வந்தான். சின்னம்மா மகன்னு சொன்னான். கடசியில பாத்தா சுங்கை சோவுல ஏதோ புதுப் பேக்டரியில ஆளு புடிக்குறவன். எங்கிட்ட தங்கியிருக்குற புள்ளைங்கள எவனாச்சும் கூட்டிட்டுப் போனான்னா தேவதாஸு எங்கிட்டதான் வந்து நிப்பான். நானும் அதே பேக்டரியிலதான் ராத்திரி ஷிப்டுல பேக்கிங் செய்யுறேன். என் பொழப்புல மண்ண போட்டுராத."

"நெசமா அவுரு சம்சாரந்தான்க்கா. சட்ட காயுதே, காலருக்கு உள்பக்கம் நீல நூலுல தச்சிருக்கும் பாருங்க. வெள்ள நூலு தீந்துபோச்சு, நாந்தான் தச்சேன்."

நவமணி போய்க் காலரைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் கண் நேராக லீலாவதியின் வயிற்றுக்குப் போனது. சட்டென்று முகம் மாறிவிட்டது.

"உள்ள வா தாயி. இந்த வெயில்ல, இந்த வயித்தோட." நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஒனக்குச் சொல்லிட்டானா?"

"என்னத்த?"

நவமணி வாயை மூடிக்கொண்டாள். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது, அதைத் திருப்பிப் போடப் போனாள். லீலாவதி விடவில்லை, கூடவே போய் நின்றாள்.

"அக்கா, எம்புருசன் எந்தலையில கை வைக்க மாட்டேங்குறாரு. நான் வேற மாதிரி நெனச்சுக்கிட்டுதான் இங்க வந்தேன். ஒங்களப் பத்தித்தான் நெனச்சேன், மன்னிச்சுக்குங்க. என்னா விசயம்னு நீங்க சொல்லலன்னா நான் இங்கருந்து நவுர மாட்டேன்."

நவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வீங்கிய காலையும் நரைத்த தலையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"பேப்பரு நெசந்தான். நாங்க எல்லாருமே பாத்தோம். ஆனா பேப்பருக்கு எவன் பயந்தான்? சைன் பண்ணிட்டும் ஓடிடுவானுங்கன்னு மொதலாளி தவுக்கேக்கு டவுட்டு. அதுக்கு தேவதாஸ் ஒரு வழி பண்ணான். போன வருசம் ஆயுத பூசை அன்னிக்கு, கேட்டுக்குப் பக்கத்துல முனியாண்டி இருக்கே, அங்க பூசை முடிஞ்சதும் பால் கலக்குற ஆளுங்கள மட்டும் வரிசையா நிக்க வச்சான். பேப்பரு தவுக்கேக்கு, இது சாமிக்குன்னான். ஒவ்வொருத்தனா சூடம் அணைக்கச் சொன்னான்."

தோட்டத்தில் நகை காணாமல் போனால், கோழி காணாமல் போனால், கடைசியில் அங்கேதான் போய் நிற்பார்கள். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒருவன் சொல்லிவிட்டால், அதற்கு மேல் பேச்சு கிடையாது. பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது.

"என்னான்னு சொல்லி அணைச்சாரு?"

"வேணாம் தாயி."

"சொல்லுங்கக்கா."

"இந்தப் பேக்டரிய விட்டு வேற கிளவ் பேக்டரிக்குப் போனா எம்பொண்டாட்டி புள்ளைக்கு ஆவாதுன்னு. புள்ள இருக்குறவன் புள்ள மேல அணைச்சான். ஒம்புருசனுக்குப் புள்ள இல்ல. ஒன் தலைமேல அணைச்சான்."

மீன் கருகும் வாடை வந்தது. நவமணி அடுப்பை அணைத்தாள். லீலாவதி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேறொருத்தியைத் தேடி வந்தவள், அவன் கட்டிக் காத்துக்கொண்டிருந்த ரகசியத்தில் தன்னையே கண்டாள். பயமாக இருந்தது. கூடவே, இத்தனை நாள் அவன் ஒற்றை ஆளாக இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறானே என்று அழுகையும் வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். நவமணி தண்ணீர் கொடுத்தாள்.

"சன்னாசின்னு ஒருத்தன்" என்றாள் நவமணி, மெதுவாக. "மீறிட்டு சுங்கை சோவுக்குப் போனான். தேவதாஸ் அந்தப் பேப்பர எடுத்துட்டு நேரா அங்க போயிக் காட்டுனான். அவுங்க பயந்து சன்னாசிய நிறுத்திட்டாங்க. அடுத்த மாசமே லோரியிலேர்ந்து விழுந்து கால் ஒடஞ்சிட்டான். இப்ப சுங்கை பஞ்சாங்குல மாமனார் வூட்டுல கெடக்குறான். சூடந்தான் வேல செய்யுதுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. அதுலேர்ந்து ஒருத்தனும் அசையல."

லீலாவதி கண்ணைத் துடைத்தாள். கூடப் பிறந்த சந்தேகம் அத்தனை சீக்கிரம் விட்டுப் போகுமா?

"சன்னாசிய கோர்ட்டுல நிறுத்துனாங்களா?"

"இல்ல."

"போலீசு?"

"அதுவும் வரல."

"ஜெயிலுக்கு அனுப்புவோம்னு சொல்லித்தான சைன் வாங்குனாங்க?"

"ஆமா."

"இதுவரைக்கும் யாரையாச்சும் அனுப்பியிருக்காங்களா?"

நவமணி யோசித்தாள். "நானறிய யாரையும் இல்ல."

"பேப்பரு அம்புட்டு பலமா இருந்தா அப்புறம் எதுக்குக்கா சூடம்?"

லீலாவதி எழுந்து நின்றாள். சாமி மாடத்தில் சூடப் பெட்டி இருந்தது.

"ஒரு கட்டி குடுங்க. தீப்பெட்டியும்."

"வேணாம் தாயி, எம்பொழப்பு..."

"ஒங்க பேரு என் வாயில வராது. எந்தலைமேல வச்ச சூடத்தப் பத்தி நாந்தான கேக்கணும்?"

பகல் ஷிப்ட் முடியும் நேரம். பேக்டரி கேட்டில் அமோனியா வாடை மூக்கைத் துளைத்தது. உள்ளே, கேட்டை ஒட்டி, சிவப்புத் துணி கட்டிய முனியாண்டி சூலம். ஆட்கள் கும்பல் கும்பலாக வெளியே வந்தார்கள். உமாபதி மேலெல்லாம் வெள்ளை மாவு அப்பியபடி வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"லீலா! என்னா ஆச்சு? வயிறு வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. தேவதாஸ் அண்ணனப் பாக்கணும்."

"எதுக்கு? வா, வீட்டுக்குப் போவலாம்."

"எந்தலைமேல என்னா பண்ணீங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

அவன் கை தானாகக் கீழே தொங்கிவிட்டது. அதற்குள் கூட்டம் நிற்பதைக் கண்டு தேவதாஸே வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, நெற்றியில் சந்தனம். தவுக்கேக்குத் தமிழ் தெரியாது, ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று தேவதாஸ் நன்றாகவே இருந்தார்.

"என்னா உமாபதி, வீட்ல வந்திருக்காங்களா? உள்ள வந்து உக்காரச் சொல்லு."

"உக்கார வரலண்ணே" என்றாள் லீலாவதி. "எங்க வீட்டுக்காரரு சைன் பண்ண பேப்பரப் பாக்கணும்."

"அது கம்பெனி சொத்தும்மா. வெளிய காட்ட முடியாது."

"வேலைய விட்டு வேற பேக்டரிக்குப் போனா ஜெயில்னு அதுல இருக்கா?"

"இருக்கு. சட்டப்படிதான் எழுதியிருக்கு."

"நெசமா?"

"நெசந்தான்மா. நான் என்னா பொய்யா சொல்றேன்?"

லீலாவதி குனிந்தாள். ஆறு மாத வயிற்றோடு குனிவது லேசல்ல. கேட்டுக்கு நேராக, சூலத்தைப் பார்த்த மாதிரி, சிமெண்டுத் தரையில் சூடத்தை வைத்தாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதில் பற்றிக்கொண்டது.

"அப்ப அணைங்கண்ணே. நான் சொன்னது நெசம், இந்தப் பேப்பரு கோர்ட்டுல நிக்கும், இல்லன்னா எம்பொண்டாட்டி புள்ளைக்கு ஆவாதுன்னு சொல்லி அணைங்க. அணைச்சிட்டீங்கன்னா எம்புருசன் சாவுற வரைக்கும் இங்கதான் வேல செய்வாரு. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

போய்க்கொண்டிருந்தவர்களும் திரும்பி வந்தார்கள். நவமணி எங்கிருந்தோ வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றாள்.

"இது ஆபீஸ் விசயம்மா. சட்டத்துல நிக்குமா நிக்காதான்னு தவுக்கேயோட லாயரத்தான் கேக்கணும்" என்றார் தேவதாஸ்.

"எங்க வீட்டுக்காரரு லாயரக் கேட்டுட்டா அணைச்சாரு?"

தேவதாஸ் சூடத்தைப் பார்த்தார். லீலாவதி அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டோரில் எத்தனை வருஷம் பார்த்த கண். எடை தப்பாக எழுதப்போகிற கிராணியின் கண் எங்கே ஓடும் என்று அவளுக்குத் தெரியும். தேவதாஸின் கண் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனது, வாட்சுக்குப் போனது, ரோட்டுக்குப் போனது. கை மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டது.

"வேல நேரத்துல இந்தக் கூத்தெல்லாம் வேணாம். கலைங்க, கலைங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சூடம் தானாக எரிந்து, தானாக அடங்கியது. தரையில் கறுப்பாக ஒரு பொட்டு மட்டும் மிஞ்சியது.

"பாத்துக்கிட்டீங்களா எல்லாரும்?" என்றாள் லீலாவதி. முனியாண்டியைப் பார்த்துத்தான் சொன்னாளோ என்னவோ. "பொய்யச் சொல்லி வாங்குன சத்தியம், வாங்குனவரு தலையிலதான் நிக்கும். எந்தலைக்கு ஒண்ணும் ஆவாது."

சொல்லிவிட்டாளே தவிர, உமாபதியின் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபோது அவள் உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது. ரவாங் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மூடிக் கிடந்த கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"எப்புடிச் சொல்றது? மொதப் புள்ள அப்புடிப் போச்சு. இதச் சொன்னா நீ ராப்பகலா பயந்தே கெடப்ப."

"நான் ஒங்கள என்னென்னமோ நெனச்சேன்."

"தெரியும். நெனச்சா நெனச்சிக்கிட்டுப் போவட்டும், நீ உசுரோட இருந்தா போதும்னு இருந்துட்டேன்."

அவன் அழுதான். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால் மழைத் தண்ணீர் என்று நினைத்திருப்பார்கள். லீலாவதிக்கு அவனைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. முந்தானையைப் பிழிந்து அவன் முகத்தைத் துடைத்தாள்.

நோட்டீஸ் கொடுத்து, முடிந்து, அவன் புதுப் பேக்டரியில் சேர ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் லயத்தில் ஆளுக்கொரு பேச்சு. லீலாவதி கால் இடறினால்கூடச் சூடந்தான் என்றார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் பால்காட்டுக்குப் போகும்போது மாரியம்மன் கோவில் பக்கம் திரும்பி, நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொல்லிவிட்டுத்தான் போவாள். சாமிக்கும் யாராவது மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் உமாபதி நடந்தே வீட்டுக்கு வந்தான். வெளிச்சம் இன்னும் இருந்தது. காளியம்மா தன் வாசலிலிருந்தே, "என்னா தம்பி, ஜெயிலுக்குப் போவாம வூட்டுக்கு வந்துட்ட!" என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"தேவதாஸ் காலையிலயே பேப்பரோட வந்துட்டாரு. மேனேஜர் வாங்கிப் பாத்தாரு. இத வச்சு மேச தொடைக்கலாம்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டாரு."

"அப்பாடா."

"இரு, முழுசாக் கேளு. அவரு போனதும் மேனேஜர் டிராயரத் தொறந்து எங்கிட்ட ஒரு பேப்பர நீட்டுனாரு. அர்ஜுனனக் கூப்புட்டுப் படிக்கச் சொன்னேன். அதே ரெண்டு வருசம். வேலைய விட்டா வேற கிளவ் பேக்டரிக்குப் போவக்கூடாதாம்."

லீலாவதி அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சைன் பண்ணீங்களா?"

"பண்ணேன். ஆனா காப்பி கேட்டு வாங்கிட்டேன்." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஒரு எழுத்தும் தெரியாவிட்டாலும் அவள் மேலும் கீழும் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள். அமோனியா வாடைதான் அடித்தது.

"சூடம் கேட்டாங்களா?"

"இல்ல. கேட்டா என்னா சொல்லட்டும்?"

"அவுங்கவுங்க பொண்டாட்டி தலைய மொதல்ல கொண்டாரச் சொல்லுங்க. எந்தலைய இனிமே எவனுக்கும் குடுக்க மாட்டேன்."

உமாபதி பக்கத்தில் வந்தான். மெதுவாகக் கையைத் தூக்கி, அன்றைக்கு உதறி இழுத்துக்கொண்ட அதே கையை, அவள் உச்சந்தலையில் வைத்தான். எதுவும் சொல்லவில்லை. லீலாவதி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"இப்ப என்னா சத்தியம் பண்றீங்க?"

"ஒரு சத்தியமும் இல்ல. சும்மாத்தான் வச்சேன்."

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். அது எங்கேயும் ஓடவில்லை. கையை எடுக்கச் சொல்லாமல், அப்படியே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள்.